ஹால் புக் பண்றதுக்கு முன்னாடி... வாசகர் கேள்வி, என் பதில்

போன மாசம் சின்ன கம்பெனிங்க டீலர் மீட் வைக்கிறதைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுல இருந்து ஹால் வாடகை பத்தின கேள்வியா வந்து குவியுது. பதினெட்டு வருஷமா கோவைல பம்ப் கம்பெனிகளுக்கும் மோட்டார் கம்பெனிகளுக்கும் இந்த வேலைதான் பண்ணிட்டு இருக்கேன், அதனால இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (கோவை, கணபதி வாசகி): நாங்க வெட் கிரைண்டர் தயாரிக்கிற சின்ன யூனிட். முதல் தடவையா டீலர் மீட் வைக்கிறோம், 60 பேர் வருவாங்க. காலைல பிரசன்டேஷன், அப்புறம் புது மாடலை ஓட்டிக் காட்டணும், மதியம் சாப்பாடு, அதுக்கப்புறம் ஏரியா ஏரியாவா உக்காந்து ஆர்டர் பேசணும். ஒரு ஓட்டல்ல 900 சதுர அடி ஹால் காட்டினாங்க, "ஃப்ளெக்ஸிபிள் ஹால் மேடம், 60 பேர் தாராளமா உக்காரலாம், நடுவுல பார்ட்டிஷன் இழுத்தா ரெண்டு ரூம்"னு சொல்றாங்க. அட்வான்ஸ் கொடுத்துடலாமா?

பதில்: இன்னும் கொடுக்காதீங்க. அவங்க சொன்ன 60 பொய் இல்ல, ஆனா அது சினிமா தியேட்டர் மாதிரி வரிசையா நாற்காலி மட்டும் போட்டா வர்ற 60. அப்படிப் போட்டா ஒரு ஆளுக்கு எட்டுல இருந்து பத்து சதுர அடி போதும், 600 சதுர அடிக்குள்ள முடிஞ்சிடும், மீதில மேடை, ஸ்க்ரீன், நடக்கிற வழி எல்லாம் வந்துடும். ஆனா மத்தியானத்துக்கு மேல நீங்க குழு குழுவா உக்காரணும்னு சொல்றீங்க, ரவுண்ட் டேபிள் போட்டா ஒரு ஆளுக்கு 12-ல இருந்து 15 சதுர அடி பிடிக்கும், அஞ்சடி டேபிள்ல எட்டு பேர்னா உங்களுக்கு எட்டு டேபிள் வேணும், அங்கேயே 900-ம் தீந்துபோச்சு, கிரைண்டர் எங்க வைப்பீங்க? மேஜையோட பள்ளிக்கூட வரிசைன்னா 15-18 சதுர அடி, யூ ஷேப்ல உக்காரணும்னா 25-க்கு மேலயே போயிடும். அதனால ஹால்காரங்ககிட்ட "எத்தனை பேர் பிடிக்கும்"னு கேக்கவே கேக்காதீங்க. "காலைல இப்படி, மதியம் இப்படி உக்காரப் போறோம், இதுக்கு எத்தனை பேர்"னு கேளுங்க, பேப்பர்ல படம் போட்டே கொடுத்துடுங்க.

அடுத்தது நாற்காலி மாத்துற வேலை. ஃப்ளெக்ஸிபிள் ஹால்னா ரூம் தானா மாறிடாது, ரெண்டு பசங்க வந்து தூக்கிப் போட்டாதான் மாறும். 60 நாற்காலியை எடுத்து எட்டு டேபிளை உருட்டிட்டு வந்து துணி விரிக்க ரெண்டு ஆளுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அதை சாப்பாட்டு நேரத்துலதான் பண்ண முடியும், அப்போ சாப்பாடு அதே ஹால்ல இருக்கக் கூடாது. வெளிய வராண்டாவோ பக்கத்துல டைனிங்கோ இருக்கான்னு பாத்துக்கோங்க. அது இல்லாத ஹாலை எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் உங்க நிகழ்ச்சிக்கு எடுக்காதீங்க.

அப்புறம் உங்க கிரைண்டர். டேபிள் டாப் மாடல்னா கவலை இல்ல, சாதாரண பிளக்லயே ஓடிடும். ஓட்டல் கடைக்குப் போற பெரிய டில்டிங் மாடலையும் ஓட்டிக் காட்டுறதா இருந்தா அந்த மோட்டார் ஸ்டார்ட் ஆகுற ஒரு நொடிக்கு ஓடும்போது இழுக்கிறதை விடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதே லைன்ல ப்ரொஜெக்டரும் மைக்கும் இருந்தா எம்சிபி (லோடு ஏறினா தானா அணையுற சுவிட்ச்) விழுந்து மொத்தமும் அணைஞ்சுடும். 15 ஆம்ப் பிளக் எங்க இருக்கு, அது தனி லைனான்னு ஓட்டல் எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டுக் கேளுங்க, மேனேஜருக்கு இது தெரியாது. எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கோங்க, ஈரக்கை வெச்சு வேலை பண்ற இடம். தண்ணி எங்க இருந்து வரும், கல்லைக் கழுவின தண்ணியை எங்க ஊத்துவீங்க? தரை முழுக்க கார்பெட்னா கிரைண்டர் வைக்கிற இடத்துல மட்டும் தார்ப்பாய் விரிச்சு மேல பிளைவுட் போட்டுக்க சம்மதம் வாங்கிடுங்க, மாவு ஒரு கரண்டி கார்பெட்ல சிந்தினா க்ளீனிங் சார்ஜ்னு பில்லுல ஏறும்.

பார்ட்டிஷன் பத்தி ஒண்ணு சொல்றேன், இது நான் அனுபவிச்சது. ஒரு ஓட்டல்ல மேனேஜர் அந்த மடக்குச் சுவரைத் தட்டிக் காட்டி சவுண்ட் ப்ரூஃப்னு சொன்னாரு, தட்டினா கெட்டியாத்தான் இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். நிகழ்ச்சி அன்னிக்கு எங்க இன்ஜினியர் புது பம்ப்போட இம்பெல்லரைக் கையில தூக்கி வெச்சுக்கிட்டு விளக்கிட்டு இருக்காரு, அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ்ல கேக் வெட்டி பாட்டு போட்டுட்டாங்க. பின் வரிசைல இருந்த தேனி டீலர் காதுக்குப் பின்னாடி கையைக் குவிச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. சாயங்காலம் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை ஒண்ணைத் தூக்கிப் பாத்தா, மடக்குச் சுவர் சீலிங்கோட நின்னுடுச்சு, அதுக்கு மேல கான்கிரீட் வரைக்கும் வெட்டவெளி, சத்தம் எல்லாம் அது வழியா வந்திருக்கு. அதனால சுவரைத் தட்டிப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் ஒருத்தரை நிக்க வெச்சு போன்ல பாட்டு போடச் சொல்லிட்டு இந்தப் பக்கம் நடந்து பாருங்க, சுவருக்கு மேல தடுப்பு கான்கிரீட் வரைக்கும் போகுதான்னு கேளுங்க, அன்னிக்கு பக்கத்து ரூம்ல யார் என்ன பண்றாங்கன்னும் கேட்டு எழுதி வாங்குங்க.

உங்களுக்கு என் யோசனை, 1,500 சதுர அடிக்குக் குறையாத ஹால், இல்லன்னா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூம். சாப்பாட்டோட பேசும்போது "60 பிளேட் மினிமம் கேரண்டி, ஹால் ஃப்ரீ"ன்னு சொல்லுவாங்க. ஒரு பேச்சுக்கு பிளேட் 600 ரூபான்னு வைங்க, 36,000. முதல் டீலர் மீட்ல கூப்பிட்ட அத்தனை பேரும் வர்றது ரொம்ப அபூர்வம், 46 பேர் வந்தாலும் 60-க்குத்தான் கட்டணும், 8,400 ரூபா சும்மா போச்சு. 45 கேரண்டி கொடுத்துட்டு அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு பிளேட்டுக்கும் அதே ரேட்னு பேசுங்க, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா ஒத்துக்குவாங்க.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகி): ஆரி ஒர்க் கிளாஸ் வீட்லயே எடுத்துட்டு இருந்தேன், இப்போ 12 பேர் சேந்துட்டாங்க, வீட்ல இடம் பத்தல. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ரூம் வேணும். கோவொர்க்கிங் இடத்துல மணிக்கணக்குல மீட்டிங் ரூம் தர்றாங்க, படத்துல ரொம்ப அழகா இருக்கு. எடுக்கலாமா? எனக்கு ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

பதில்: 12 பேர் சேந்திருக்காங்கன்னு படிச்சதும் அவ்வளவு சந்தோஷம்மா. ஆனா அந்தப் படத்துல தெரியுற அழகே உங்களுக்குப் பிரச்சினை. மீட்டிங் ரூம்னு போட்டிருந்தா நடுவுல ஒரு நீள மேஜை இருக்கும், வயர் எல்லாம் அதுக்குள்ளயே போய் தரையோட பொருத்தி இருக்கும், நகத்த முடியாது. உங்க பொண்ணுங்க ஒவ்வொருத்தரும் ஸ்டாண்ட் போட்டு துணியை இழுத்துக் கட்டி, ஒரு கை மேல ஒரு கை கீழன்னு உக்காரணும், நீங்க பின்னாடி போய் நின்னு ஊசி பிடிக்கிறதைப் பாக்கணும். அதனால "ட்ரெய்னிங் ரூம் இருக்கா, மேஜைக்குச் சக்கரம் இருக்கா, மடக்கி ஓரமா வைக்கலாமா"ன்னு கேளுங்க. ஃப்ளெக்ஸிபிள் ரூம்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே அதுதான்.

போறப்போ நீங்க வேலை பண்ற நூல்கண்டு நாலஞ்சு கையோட கொண்டு போங்க. மஞ்சள் லைட் போட்ட ரூம்ல க்ரீமும் இளமஞ்சளும் ஒண்ணு மாதிரி தெரியும், மெரூனும் பிரவுனும் குழம்பும். அங்க உக்காந்து நூலைக் கோத்துப் பாருங்க, கண்ணு கூசுதா, நிழல் விழுதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியமா கேக்க வேண்டியது. ஓஎம்ஆர் பக்கம் மாதிரி பெரிய ஆபீஸ் கட்டிடங்கள்ல சென்ட்ரல் ஏசியை ஞாயித்துக்கிழமை நிறுத்தி வைக்கிற இடம் நிறைய உண்டு, வேணும்னா தனியா மணிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடிக் கட்டிடத்துல ஏசி இல்லாம 12 பேர் மூணு மணி நேரம் உக்கார முடியாதும்மா. ரூமுக்கே தனி ஸ்ப்ளிட் ஏசி இருக்கிற இடமா பாருங்க. செக்யூரிட்டிகிட்ட பேர் லிஸ்ட் முதல் நாளே கொடுக்கணுமா, டூவீலர் நிறுத்தலாமா, ஞாயித்துக்கிழமை லிஃப்ட் ஓடுமான்னும் கேட்டுக்கோங்க.

காசு விஷயம். ரூம் வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மணிக்கு 500-னு போட்டிருந்தா நீங்க கட்டப் போறது 590. நம்பர் வெச்சிருக்கிறவங்க அதை இன்புட்டா எடுத்துக்குவாங்க, அதாவது அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில இருந்து கழிச்சுக்குவாங்க, உங்களுக்கு அது முழுக்க கைச்செலவு, அதனால வரி சேத்த விலையை வெச்சுதான் ரெண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும், ஃபீஸும் அதை வெச்சே போடுங்க. மூணு மணி நேர கிளாஸுக்கு நாலு மணி நேரம் எடுங்க, ஸ்டாண்ட் போடவும் கழட்டவும் தரைல விழுந்த மணி, ஜமிக்கி பொறுக்கவும் அந்த ஒரு மணி நேரம் சரியா இருக்கும். மாசம் எட்டு மணி நேரம், ஆறு மாசத்துக்கு உறுதியா வர்றேன்னு சொல்லி மொத்தமா ரேட் கேளுங்க, ஞாயித்துக்கிழமை காலியாக் கிடக்கிற ரூமுக்கு உங்களை மாதிரி ஆள் கிடைச்சா விட மாட்டாங்க.

கேள்வி (மதுரை வாசகர்): நாங்க பெயின்ட், ஹார்டுவேர் டிஸ்ட்ரிபியூட்டர். வர்ற ஆடி மாசம் 150 பெயின்டர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் ட்ரெய்னிங் வைக்கலாம்னு இருக்கேன். கல்யாண மண்டபம் பாதி விலைக்குக் கிடைக்குது, எடுக்கலாமா?

பதில்: நல்ல யோசனை அண்ணே. ஆடியும் மார்கழியும் மண்டபம் காத்தாடுற மாசம், புரட்டாசியும் நிறைய இடத்துல அப்படித்தான், அப்போ போய் பேசினா விலை இறங்கும். முகூர்த்த நாள்ல வெச்சிருந்தா ஹாலும் கிடைக்காது, கிடைச்சாலும் கூப்பிட்ட பாதி பேர் ஏதாவது கல்யாணத்துல இருப்பாங்க. (சென்னைக்காரங்க மார்கழியை நம்பி சபா ஹால் பக்கம் போயிடாதீங்க, அங்க டிசம்பர் கச்சேரி சீசன்.)

மண்டபத்துல ரெண்டு விஷயம் உறுத்தும். ஒண்ணு எதிரொலி. கிரானைட் தரை, உயர சீலிங், வெறும் சுவர், நாதஸ்வரத்துக்கு அது நல்லா இருக்கும், பேசுற பேச்சுக்கு ஒரு வார்த்தை அடங்குறதுக்குள்ள அடுத்தது வந்து மோதும். மேடைல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் வெச்சு சத்தத்தை ஏத்தினா இன்னும் குழம்பும், சின்ன ஸ்பீக்கரா நாலு வாங்கி ஆளுங்களுக்குப் பக்கத்துல வெச்சு சத்தத்தைக் குறைங்க. கீழ டைனிங் ஹால் சீலிங் தாழ்வா இருந்தா ட்ரெய்னிங்கை அங்கேயே வெச்சுட்டு சாப்பாட்டை மேல மாத்துறது இன்னும் நல்லது, நான் ரெண்டு மூணு தடவை அப்படிப் பண்ணியிருக்கேன்.

இன்னொண்ணு வாடகைக்கு மேல ஏறுற பில். கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் மணிக் கணக்கு, க்ளீனிங், கேஸ், பாத்திரம்னு ஒவ்வொண்ணா வரும். சாவி வாங்குறப்பவே மேனேஜரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மீட்டர் ரீடிங்கை போன்ல போட்டோ எடுங்க, திருப்பிக் கொடுக்கிறப்போ இன்னொரு போட்டோ, அங்க பேச்சு முடிஞ்சது. மொத்தமா கேஷா கொடுக்கச் சொல்லுவாங்க, ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாக்கு மேல கேஷா கொடுத்தா அதை வருமான வரில வியாபாரச் செலவா காட்ட முடியாது, பேங்க் வழியாவே அனுப்புங்க, பில்லும் கம்பெனி பேர்ல வாங்குங்க. உங்க ஊர்லயே மடீட்சியா ஹால் இருக்கு, தொழில் நிகழ்ச்சிக்குப் பழகின இடம், முடிவெடுக்கறதுக்கு முன்னாடி அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

கேள்வி (திருப்பூர் வாசகர்): பெங்களூர்ல பையர்களைச் சந்திக்க ஒரு ஓட்டல்ல மீட்டிங் ரூம் எடுத்தோம், ஜிஎஸ்டி பில்லும் கொடுத்தாங்க. ஆடிட்டர் இன்புட் எடுக்க முடியாதுன்னு சொல்றாரு. எங்ககிட்ட நம்பர் இருக்கே, ஏன்?

பதில்: ஆடிட்டர் சொல்றது சரிதாங்க. கட்டிடம், ஹால் மாதிரி நகராத சொத்துக்கு அது எந்த மாநிலத்துல இருக்கோ அங்கதான் சப்ளை நடந்ததா கணக்கு. பில்லுல கர்நாடகா எஸ்ஜிஎஸ்டியும் (மாநிலத்தோட பங்கு) சிஜிஎஸ்டியும் (மத்திய அரசோட பங்கு) போட்டிருப்பாங்க பாருங்க, உங்க பதிவு தமிழ்நாட்டுல, அதனால அது இங்க வந்து சேராது. அதே ரூமை கோவைலயோ சென்னைலயோ எடுத்திருந்தா வாடகை மேல கட்டின 18 சதவீதம் திரும்பக் கிடைச்சிருக்கும். வாடகை 20,000-ன்னா 3,600 ரூபா வித்தியாசம், இடம் தேடுறப்பவே இதைச் சேத்துப் பாத்துக்கோங்க. சாப்பாட்டுக்கான வரிக்கு மட்டும் பொதுவா எங்க சாப்பிட்டாலும் இன்புட் கிடையாது, அதனால ரூம் வாடகையையும் சாப்பாட்டையும் தனித்தனி வரியா பிரிச்சு பில் போடச் சொல்லுங்க, ஒரே பேக்கேஜா போட்டுட்டா கிடைக்கிறதும் சிக்கலாயிடும்.

கேள்வி (ஈரோடு வாசகி): எங்க நிகழ்ச்சி அன்னிக்கு அந்த ஏரியால மாதாந்திர பவர் ஷட் டவுன். ஜெனரேட்டர் இருக்குன்னு சொன்னாங்க, ஆனா அதுல லைட்டும் ஃபேனும்தான் ஓடிச்சு, ஏசி ஓடல. பாதில 20 பேர் எழுந்து போயிட்டாங்க. வாடகையைக் குறைக்கச் சொன்னா "நாங்க ஏசி பேக்கப் தர்றதா சொல்லவே இல்லையே"ங்கிறாங்க.

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு, நீங்க எத்தனை நாளா அலைஞ்சு அந்த ஆளுங்களைச் சேத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். எழுத்துல இல்லாததால முழுசா வாங்குறது கஷ்டம், ஆனா விளம்பரத்துலயோ வாட்ஸ்அப்லயோ "ஏசி ஹால், ஃபுல் பவர் பேக்கப்"னு அவங்க அனுப்பினது இருந்தா அதை எடுத்து வெச்சு எழுத்துல புகார் கொடுங்க, அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

மத்தவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். ஷட் டவுன் எப்பன்னு மின்வாரியம் முன்கூட்டியே அறிவிச்சுடும், பேப்பர்லயும் வரும், பெரும்பாலும் காலை 9 மணில இருந்து மதியமோ சாயங்காலமோ வரைக்கும், நம்ம நிகழ்ச்சி நடக்கிற அதே நேரம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த ஏரியா பேர் வந்திருக்கான்னு பாத்துடுங்க. ஹால் பாக்கப் போறப்போ "ஜெனரேட்டர் இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, "ஏசி ஓடுமா, எத்தனை ஏசி ஓடும், டீசலுக்குத் தனியா காசா"ன்னு கேக்கணும், முடிஞ்சா மெயினை அணைச்சு ஓட்டிக் காட்டச் சொல்லணும். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுடுங்க, பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். ஹால் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், கரண்ட் போனா எதெல்லாம் ஓடும், மைக் எத்தனை, ப்ரொஜெக்டர் வாடகைல சேத்தியா, நாங்க ரத்து பண்ணா எத்தனை நாளுக்கு முன்னாடி சொன்னா எவ்வளவு திரும்பும், நீங்க ரத்து பண்ணா என்ன தருவீங்க. இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேக்கறதில்ல, பெரிய கல்யாண ரிசப்ஷன் வந்துடுச்சுன்னு நம்மளைச் சின்ன ரூமுக்குத் தள்ளுறது நடக்கிற விஷயம். அவங்க "ஓகே"ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டதும் அட்வான்ஸ் அனுப்புங்க.

கேள்வி (சேலம் வாசகர்): புது ஷோரூம் கஸ்டமர் மீட்ல சினிமா பாட்டு போட லைசென்ஸ் வேணும்னு ஹால்காரர் சொல்றாரு. கல்யாணத்துல எல்லாரும் போடுறாங்களே?

பதில்: கல்யாணத்துக்கும் மதச் சடங்குக்கும் காப்புரிமைச் சட்டத்துலயே விலக்கு இருக்கு, வியாபார நிகழ்ச்சிக்கு இல்ல. அவர் சொல்றது நியாயம்தான். லைசென்ஸ் செலவு வேண்டாம்னா உள்ளூர் நாதஸ்வர தவில் செட் ஒண்ணைக் கூப்பிட்டு பழைய கீர்த்தனைகளை வாசிக்கச் சொல்லுங்க, வாசல்ல வரவேற்புக்கு அதை விட நிறைவா வேற எது இருக்கும்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): வெள்ளிக்கிழமை புது பிராடக்ட் அறிமுகம். ஹால் 10 மணில இருந்து 2 மணி வரைக்கும் அரை நாள் வாடகைக்குப் பேசியிருக்கோம். போதுமா?

பதில்: போதாதுங்க. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைல இருந்து 12. நீங்க பாக்காட்டியும் வர்ற டீலர்ங்க பாப்பாங்க, அந்த நேரத்துல முதல் ஆர்டர் எழுத பேனாவையே எடுக்க மாட்டாங்க. பத்து மணிக்குச் சாவி வாங்கி, பேனர் கட்டி, மைக் டெஸ்ட் பண்ணி பத்தரைக்குள்ள குத்துவிளக்கு ஏத்துறது நடக்காத காரியம். எட்டு மணிக்கு ஹால் கைக்கு வர்ற மாதிரி மாத்திப் பேசுங்க, ரெண்டு மணி நேரம் கூடுதல் வாடகை ஆனாலும் பரவால்ல. லேப்டாப்பை ப்ரொஜெக்டர்ல மாட்டி படம் வருதான்னு எட்டரைக்கே பாத்துடுங்க, சில புது லேப்டாப்ல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்காது, யூஎஸ்பி சி கன்வெர்ட்டர் ஒண்ணு பைல இருக்கட்டும். ஒன்பதரைக்கு டிபன், பத்தே காலுக்கு விளக்கு, அதுக்கப்புறம் பேச்சு, டெமோ எல்லாம், ஆர்டர் புக்கை 12 மணிக்கு மேல திறங்க.